கருமிளகு தீர்ந்துவிட்டது: தேய்மானப் போரின் கணக்கு

முதல் உலகப் போர், 1915ஆம் ஆண்டின் தொடக்கம். பிரான்ஸ் போர்முனையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பிரிட்டிஷ் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்த பிறகே அனுப்பினார்கள். உண்மை நிலவரம் கிராமங்களுக்குத் தெரிந்தால் புதிதாக ஆள் சேராது என்ற பயம் அரசுக்கு. படிக்கிறார்கள் என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் பூடகமாக எழுதினார்கள். அப்படி ஒரு கடிதத்தின் சாரம் இது: இந்தியாவிலிருந்து வந்த கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் போடுகிறார்கள், மிளகாய்க்கு அவ்வளவு காரம் போதவில்லை.

கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கை அதிகாரிகளுக்கும் பொருள் விளங்கிவிட்டது. அவர்கள் பதிவு செய்து வைத்ததால்தான் இன்று நமக்கு இது படிக்கக் கிடைக்கிறது.

நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் தேய்மானப் போரை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் கொதிப்பது நிற்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டப்பா காலியானால் அடுத்த டப்பா. எதிர்த் தரப்பின் டப்பா முதலில் காலியாகும் என்ற நம்பிக்கைதான் மொத்தத் திட்டமும். எந்த டப்பாவை முதலில் திறக்கிறார்கள் என்பதையும் அந்தச் சிப்பாய் கவனித்திருக்கிறார். இந்தக் கட்டுரையின் கவலையும் அதுதான்.

தேய்மானம் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. செருப்புக்கும் டயருக்கும் சொல்வோம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இயந்திரத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் தேய்மானம் என்று எழுதிக் கழிப்பார்கள். போருக்கு இந்தச் சொல் வந்து ஒட்டிக்கொண்டதில் ஒரு கொடிய பொருத்தம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் தேய்தல் என்றுதான் சொல்கிறார்கள். அரபு மொழியில் மட்டும் சொல் ஒளிவுமறைவில்லாதது. சூயஸ் கால்வாயின் இரு கரையிலும் எகிப்தும் இஸ்ரேலும் 1969-70இல் நடத்திய போரை அரபியில் 'இஸ்தின்ஸாஃப்' போர் என்பார்கள். ரத்தம் வற்ற வடித்தெடுப்பது என்று பொருள்.

போர் வரலாற்றை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹான்ஸ் டெல்புரூக் போர்த் தந்திரத்தை இரண்டாகப் பிரித்தார். எதிரியின் படையை ஒரே மோதலில் வீழ்த்துவது ஒன்று. அவனைக் களைத்துப்போகச் செய்து பேச்சுக்கு இழுப்பது மற்றொன்று. அவர் சொன்ன களைப்பில் நகர்வும் உண்டு, ஒதுங்குவதும் உண்டு, பயிரை எரிப்பதும் உண்டு. ஆட்களைக் குவித்துக் குவித்துச் சாகக் கொடுப்பது என்று அதற்குப் பொருள் ஆனது இருபதாம் நூற்றாண்டில்தான். ரயிலும், எந்திரத் துப்பாக்கியும், கட்டாய ராணுவச் சேவையும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு.

இது வேலை செய்யும் விதம் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. ஒரு பக்கம் ஓட்டை. ஒரு பக்கம் குழாய். ஓட்டை வழியாக எவ்வளவு போகிறது என்பதைப் பற்றித்தான் தொலைக்காட்சியில் எல்லோரும் பேசுகிறார்கள்: இன்று இத்தனை பேர் பலி, இத்தனை டாங்கிகள் அழிந்தன. ஆனால் தொட்டி எப்போது வற்றும் என்பதைச் சொல்ல, குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை இளைஞர்கள் பதினெட்டு வயதைத் தொடுகிறார்கள், தொழிற்சாலை மாதம் எத்தனை குண்டுகளை வார்க்கிறது, யார் கடன் தருகிறார்கள், அந்தக் கடன் எத்தனை நாளுக்கு வரும். ஒரு நாட்டின் தேய்மானப் போர் பாதி அளவுக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய பிரசவ வார்டுகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை அளக்க எந்தக் கோலும் இல்லை. எவ்வளவு வற்றினால் அந்தச் சமூகம் போதும் என்று சொல்லும்? தளபதிகள் மிக அதிகமாகத் தவறியது இந்த இடத்தில்தான்.

இந்தப் போர்முறைக்கு முகவரி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது வடகிழக்கு பிரான்ஸில் உள்ள வெர்டன்.

1916 பிப்ரவரி 21 அன்று காலை ஜெர்மனி அங்கே பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிகள். காடு வேரோடு பெயர்ந்து விழுந்தது. நான்கு நாளில், வெர்டனைச் சுற்றியிருந்த கோட்டைகளில் பெரியதான துவோமோன், சண்டையே இல்லாமல் ஜெர்மானியர் கைக்குப் போனது. உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் சில டஜன் பேர்தான். தாக்குதலுக்குத் திட்டம் போட்டவர் ஜெர்மன் தலைமைத் தளபதி எரிக் வான் ஃபால்கென்ஹைன். போர் முடிந்தபின் 1920இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் அவர் ஒரு விளக்கம் தந்தார். வெர்டனைப் பிடிப்பது என் நோக்கமே அல்ல, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுக்கொடுக்க மனம் வராத ஓர் இடத்தைத் தாக்கினால் அதைக் காக்க வந்து வந்து சாவார்கள், அவர்கள் படை ரத்தம் வற்றிச் சாகும், அதுதான் திட்டம் என்று எழுதினார். 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் மன்னருக்கு இதை எழுத்தில் கொடுத்ததாகவும் சொன்னார்.

அப்படி ஒரு ஆவணம் ஜெர்மன் காப்பகங்களில் இதுவரை அகப்படவில்லை. நகரத்தைப் பிடிக்கப் பார்த்து முடியாமல் போனதும், பிடிப்பது என் நோக்கமில்லை என்று பின்னால் எழுதிக்கொண்டார் என வாதிடும் வரலாற்றாசிரியர்கள் பலர் உண்டு. எனக்கு அவர்கள் சொல்வதே சரியென்று படுகிறது, ஏனென்றால் இதே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. மேற்கு முனையில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ஹெய்க், 1919இல் எழுதிய இறுதி அறிக்கையில், தோற்ற தாக்குதல்கள் உட்பட எல்லாவற்றையும் எதிரியைத் தேய்த்த ஒரே நீண்ட சமர் என்று வகைப்படுத்தினார். முன்னேற முடியாத தாக்குதலுக்குப் பின்னாளில் இடப்படும் பெயராகத் தேய்மானம் பல சமயம் இருந்திருக்கிறது. நிலம் கிடைக்கவில்லை என்றால் பிணங்களை எண்ணிக் காட்டலாம். எதிரியின் பிணங்களை எண்ணுவதும் அந்தத் தளபதியேதான்.

வெர்டனில் பிரெஞ்சுத் தரப்பின் பொறுப்பை ஏற்ற பெத்தான் இரண்டு காரியங்கள் செய்தார். ரயில் பாதைகள் அடிபட்டுப் போயிருந்ததால், பார்-லெ-டுக் என்ற ஊரிலிருந்து வெர்டனுக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீண்ட ஒரு சாதாரணச் சாலையே போரின் உயிர்நாடி ஆனது. இரவும் பகலும் லாரிகள். உச்சக்கட்டத்தில் பதினான்கு விநாடிக்கு ஒரு லாரி. பழுதான வண்டியைச் சரிசெய்ய நேரம் கொடுக்காமல் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். சாலையோரம் வரிசையாக நின்ற ஆட்கள், ஓடும் சக்கரங்களுக்கு அடியில் மண்வெட்டியால் ஜல்லியை வீசிக்கொண்டே இருந்தார்கள். லாரிகளே ரோடு ரோலர்களாக மாறி அதை அமுக்கிக்கொண்டு போயின. பின்னாளில் அதற்குப் 'புனிதப் பாதை' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது, ஆட்களைச் சுழற்றியது. எந்தப் படைப்பிரிவும் ஒரேயடியாக அழிந்துபோகும்வரை அங்கே இருக்க வேண்டாம், சில நாள் நின்றதும் வெளியே எடுத்து வேறொன்றை அனுப்ப வேண்டும் என்றார். அதற்குப் பிரெஞ்சில் 'நோரியா' என்று பெயர். கிணற்றில் நீரிறைக்கும் சக்கரத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. வாளிகள் வரிசையாகக் கீழே போகும், மேலே வரும். எழுபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் இந்தச் சக்கரத்தில் ஏறி இறங்கின. ஜெர்மானியர்களோ அதே பிரிவுகளை அங்கேயே வைத்துக்கொண்டு, சாகச் சாகப் புதியவர்களைச் செருகினார்கள். சுழற்சி பல உயிர்களைக் காத்தது. அதனாலேயே பிரான்ஸில் வெர்டனைப் பார்க்காத குடும்பம் அரிது என்றும் ஆனது. அந்த ஊரின் பெயர் ஒரு தலைமுறையின் உடம்பிலேயே ஏறிவிட்டது.

வோ கோட்டையில் ஜூன் முதல் வாரம் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேஜர் ரேனால் என்பவரின் பொறுப்பில் அறுநூறு பேர் அளவுக்கு உள்ளே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஜெர்மானியர்கள் கோட்டையின் கூரையிலேயே ஏறிவிட்டார்கள். சண்டை உள்ளே, இருட்டுச் சுரங்க வழிகளில், மணல் மூட்டைத் தடுப்புகளுக்கு இரண்டு பக்கமும் நடந்தது. கையெறி குண்டு, தீப்பீய்ச்சி, புகை. தண்ணீர்த் தொட்டியில் இருப்பதாக நினைத்த அளவு தண்ணீர் இல்லை என்பது நடுவில்தான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு குவளைக்கும் குறைவு என்று ஆகி, பிறகு அதுவும் நின்றது. சுவரில் கசிந்த ஈரத்தை நக்கினார்கள். சொந்தச் சிறுநீரைக் குடித்தவர்கள் உண்டு. ஜூன் 4 அன்று கடைசிப் புறாவின் காலில் செய்தியைக் கட்டி அனுப்பினார் ரேனால். அது நச்சுவாயுவைத் தாண்டிப் பறந்து செய்தியைச் சேர்த்துவிட்டது. உதவி வந்து சேரவில்லை. 7ஆம் தேதி காலை சரணடைந்தார்கள். அவர்களைக் கடைசியில் வெளியே கொண்டுவந்தது தாகம். எதிரே நின்ற ஜெர்மன் பட்டத்து இளவரசர் ரேனாலின் வீரத்தை மெச்சி வாள் ஒன்றைக் கொடுத்து மரியாதை செய்தார். ஐந்து மாதத்தில் பிரான்ஸ் அந்தக் கோட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 24 அன்று, துவோமோன் கோட்டையை மீட்ட தாக்குதலில் செனகல், சோமாலியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அங்கும் ஒரு மிளகு டப்பா திறந்திருந்தது.

டிசம்பரில் சமர் ஓய்ந்தபோது முன்னணிக் கோடு ஏறத்தாழ பிப்ரவரியில் இருந்த இடத்துக்கு அருகில் வந்து நின்றது. இரு தரப்பிலும் சேர்த்து மூன்று லட்சம் பேர் அளவுக்கு இறந்திருந்தார்கள். பிரான்ஸின் மொத்த இழப்பு, காயம்பட்டவர் உட்பட, மூன்றே முக்கால் லட்சத்தை ஒட்டியது. ஜெர்மனியின் இழப்பு மூன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. ஒருவனை வற்றவைக்கப் போட்ட திட்டத்தில் இருவரும் ஏறக்குறைய சம அளவில் வற்றினார்கள். ஃபால்கென்ஹைன் ஆகஸ்டிலேயே பதவி இழந்திருந்தார். வெர்டனின் சுமையைக் குறைப்பதற்காகவும் என்று சோம் ஆற்றங்கரையில் பிரிட்டன் தொடங்கிய தாக்குதலில், ஜூலை 1 என்ற ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்தார்கள்.

வெர்டனைச் சுற்றி ஒன்பது கிராமங்கள் இல்லாமல் போயின. அவற்றில் ஃப்ளூரி ஒன்று. அந்தக் கோடையில் மட்டும் பதினாறு முறை கைமாறிய ஊர். இன்று அங்கே புல் மூடிய குழிகளும், இங்கே ரொட்டிக் கடை இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்லும் சிறு பலகைகளும்தான் இருக்கின்றன. மண்ணில் வெடிக்காத குண்டுகளும் நஞ்சும் கிடந்ததால் ஊரைத் திரும்பக் கட்ட அனுமதிக்கவில்லை. ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு மேயர் உண்டு. வாக்காளரே இல்லாத ஊருக்கு, பெயரைக் காப்பதற்காக, அரசு நியமிக்கும் மேயர்.

முதல் உலகப் போரின் பெரிய தேய்மானம் போர்முனைக்கு வெளியே நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு உணவும் உரமும் வரவில்லை. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் தீர்ந்து, மாட்டுக்குப் போடும் ஒருவகைக் கிழங்கை மக்கள் தின்றார்கள். பசியாலும் அது கொண்டுவந்த நோயாலும் இறந்த பொதுமக்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்பது குறைந்த மதிப்பீடு. போரின் போக்கில் இந்தப் பசிக்கு இருந்த பங்கு சிறிதல்ல. ஆனால் இறந்த கிழவிகளுக்கும் குழந்தைகளுக்கும் எந்தப் போர்க்களத்திலும் நினைவுத் தூண் கிடையாது.

ஐம்பது ஆண்டு கழித்து அமெரிக்கா இந்தக் கணக்கைப் புள்ளியியலாக மாற்றியது. வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை வகித்த வெஸ்ட்மோர்லண்ட், எதிரி இழக்கும் ஆட்களின் எண்ணிக்கை, அவனால் புதிதாகச் சேர்க்க முடிந்த ஆட்களைத் தாண்டும் ஒரு புள்ளி வரும், அதோடு போர் நம் பக்கம் திரும்பிவிடும் என்று நம்பினார். 1967இல் அந்தப் புள்ளியை எட்டிவிட்டோம் என்றும் சொன்னார். பிணங்களின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோல் ஆனதும், எண்ணிக்கை கூடியது. பதவி உயர்வு எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். செத்துக் கிடப்பவன் வியட்நாமியன் என்றால் அவன் எதிரிதான் என்பது சிப்பாய்களிடையே வழக்கமான பேச்சாகவே இருந்தது. வடக்கு வியட்நாமில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் இளைஞர்கள் ராணுவ வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் குழாய் திறந்தே இருந்தது. போரில் தங்கள் தரப்புப் போராளிகள் 11 லட்சம் பேர் இறந்ததாக வியட்நாம் அரசு 1995இல் அறிவித்தது. அமெரிக்கர்கள் இழந்தது 58,000 பேருக்குச் சற்று அதிகம். இந்த விகிதத்தோடு அமெரிக்கா தோற்றுத் திரும்பியது. போதும் என்று முதலில் சொன்னது குறைவாக இழந்த சமூகம்.

தேய்மானக் கணக்கு பலித்த போர்களும் உண்டு. தமிழ் வாசகருக்கு அதில் ஒன்று மிக அருகில் இருக்கிறது. இலங்கையில் 2006 முதல் 2009 மே வரை நடந்த இறுதிப் போரில், ராணுவத் தளபதி சரத் பொன்சேகா ஊர்களைப் பிடிப்பதைவிடப் புலிகளின் ஆள்பலத்தைக் கரைப்பதை முதன்மையாக வைத்தார். எட்டு எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள் உள்ளே ஊடுருவின. தெற்கில் பல்லாயிரக்கணக்கில் புதிதாக ஆள் எடுத்தார்கள். 2007இல் ஆயுதக் கப்பல்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். ஒரு தொட்டிக்குக் குழாய் அகன்றுகொண்டே போனது, மற்றதற்கு அடைபட்டது. அடைபட்ட தொட்டியை நிரப்ப வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆள் பிடித்தது புலிகள் அமைப்பு. கடைசி மாதங்களில் சிறுவர்களையும் விடவில்லை. ஒரு பக்கம் பிள்ளையைப் பறித்தார்கள், மறு பக்கம் எறிகணை விழுந்தது. சுருங்கிக்கொண்டே போன நிலத்துக்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. ராணுவக் கல்லூரிகளில் இதை வெற்றிகரமான உத்தி என்று பாடமாக வைத்துப் பேசுகிறவர்களின் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். முள்ளிவாய்க்கால் என்ற பெயர் அவற்றில் ஓர் இடப்பெயராக மட்டுமே வரும். காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார்களின் கணக்கு இன்னும் முடியவில்லை.

உக்ரைனுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா போட்ட திட்டம் தேய்மானம் அல்ல. சில நாளில் கீவ் நகரத்தைப் பிடிப்பது. அது நடக்காமல் போனபின் போர் கிழக்கே நகர்ந்து, பதுங்குகுழிக்குள் இறங்கியது. போருக்கு முன் எழுபதாயிரத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த பக்முத் நகரத்தைப் பிடிக்க 2022 கோடையிலிருந்து 2023 மே வரை ஆனது. தாக்குதலை நடத்திய வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோஷின், நகரம் கிடைக்காமல் மாதங்கள் ஓடியபோது, இது பக்முத் அரவை எந்திரம், உக்ரைன் படையை அரைப்பதே நோக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஃபால்கென்ஹைனின் அதே சமாதானம். எந்திரத்தில் போட்டது யாரை? ரஷ்யச் சிறைகளிலிருந்து ஐம்பதாயிரம் கைதிகளைத் திரட்டியதாக அவரே சொன்னார். ஆறு மாதம் சண்டை போட்டால் மன்னிப்பு என்பது ஒப்பந்தம். தன் ஆட்கள் இருபதாயிரம் பேர் பக்முத்தில் இறந்ததாகவும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கைதிகள் என்பதைச் சுதந்திர ரஷ்யப் பத்திரிகையாளர்கள் இறப்புப் பட்டியல்களிலிருந்து பின்னாளில் காட்டினார்கள்.

பூரியாத்தியா, துவா போன்ற தொலைதூர, ஏழைப் பிரதேசங்களின் சாவு விகிதம் மாஸ்கோவைவிடப் பல மடங்கு அதிகம். மாஸ்கோவிலிருந்து ஆள் வேண்டுமென்றால் பணம் கொட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூலையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவருக்கு 19 லட்சம் ரூபிள் ரொக்கம் என்று அந்நகர நிர்வாகம் அறிவித்தது. யாருடைய சாவு தலைநகரத்தில் சத்தம் எழுப்பாதோ அவர்களே முதலில் அனுப்பப்படுகிறார்கள். இது ரஷ்யாவின் தனிக்குணம் அன்று. 1915இல் இந்தியச் சிப்பாய் கண்டதும் இதுவே.

உக்ரைனின் தலைமைத் தளபதியாக இருந்த சலூஷ்னி 2023 நவம்பரில் ஒரு பிரிட்டிஷ் வார இதழிடம் பேசியபோது அரிய நேர்மையோடு ஒரு தவறை ஒப்புக்கொண்டார். ரத்தம் சிந்தவைத்தே ரஷ்யாவை நிறுத்திவிடலாம் என்று நினைத்தது என் பிழை, ஒன்றரை லட்சம் பேரையாவது அவர்கள் இழந்திருக்கிறார்கள், வேறு எந்த நாடாக இருந்தாலும் போர் நின்றிருக்கும் என்றார். அளக்க முடியாத அந்த மூன்றாவது காரணியில் அவரும் தவறியிருந்தார். பதவியில் இருந்த ஒரு தளபதி இப்படிச் சொன்னது அபூர்வம். அதற்காக அவரை மதிக்கிறேன்.

குண்டுகளின் கணக்கிலும் மேற்குலகம் தடுமாறியது. போர் தொடங்கியபோது அமெரிக்கா மாதத்துக்குச் சுமார் 14,000 பீரங்கிக் குண்டுகள்தான் தயாரித்துக்கொண்டிருந்தது. உக்ரைன் அதை மூன்றே நாளில் சுட்டுத் தீர்க்கும். நேட்டோவின் தலைமைச் செயலர் ஸ்டோல்டன்பெர்க் 2023 பிப்ரவரியில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: செலவாகும் வேகம் உற்பத்தியின் வேகத்தைப் போலப் பல மடங்கு. குழாயைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. உக்ரைனுக்கு ஆள் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 2024 ஏப்ரலில் கட்டாயச் சேவை வயது வரம்பை 27இலிருந்து 25க்கு இறக்கினார்கள். அதற்கும் கீழே இறக்கத் தயங்குவதற்குக் காரணம் எளிது. அந்த வயதுக்காரர்கள் பிறந்த ஆண்டுகளில் உக்ரைனில் பிறப்பே மிகக் குறைவு. மிஞ்சியிருக்கும் அந்த மெல்லிய தலைமுறையையும் செலவழித்துவிட்டால் போருக்குப் பின் குழந்தை பெற யார் இருப்பார்கள்? ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தை என்ற அளவுக்கு அங்கே பிறப்பு விகிதம் விழுந்துவிட்டது என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2024இல் கூறியது.

டிரோன்கள் வந்தபின் தேய்மானத்தின் உருவம் மாறியிருக்கிறது. முன்னணிக் கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை, அசைகிற எதையும் வானத்திலிருந்து ஒரு கண் பார்க்கிறது. லாரி போக முடியாது. புனிதப் பாதை என்று ஒன்று இன்று சாத்தியமில்லை. இரண்டு பேர், மூன்று பேராக நடந்துபோய்ப் பதுங்குகுழியில் இறங்குகிறார்கள். வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், வெளியே வருவதில்லை. தண்ணீர் பாட்டிலும் பேட்டரியும் டிரோனில் வந்து விழுகின்றன. காயம்பட்டவன் பாடுதான் எல்லாவற்றிலும் மோசம். ரத்தம் நிற்கக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் பட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். வெளியே எடுக்க வழியில்லாமல் ஒரு நாள், இரண்டு நாள் கட்டு அப்படியே இருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய கால் செத்துப்போகிறது. உறுப்பிழந்த உக்ரைனியர்கள் இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை இருக்கலாம் என்று 2023இலேயே ஒரு மதிப்பீடு வந்தது. வோ கோட்டையில் சுவரை நக்கியவனுக்கும், டிரோன் போடும் பாட்டிலுக்காகக் காத்திருப்பவனுக்கும் இடையே நூறு ஆண்டு இருக்கிறது. அவர்கள் இருவரின் தாகத்துக்கும் இடையே எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

மிளகு டப்பாவும் திரும்ப வந்துவிட்டது. உதவியாளர் வேலை, சமையல் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்தியர்கள் சிலர் பதுங்குகுழியில் போய் விழுந்தார்கள். 2025 ஜனவரியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் கொடுத்த விவரப்படி, ரஷ்யப் படையில் இருந்ததாகத் தெரியவந்த இந்தியர்கள் 126 பேர். 96 பேர் திரும்பிவிட்டார்கள். 12 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 18 பேரில் 16 பேர் எங்கே என்று தெரியவில்லை. இலங்கையிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் பொருளாதார நெருக்கடியில் சிக்கிய முன்னாள் ராணுவத்தினர், அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு போரின் தேய்மானத்தில் தப்பியவர்கள் இன்னொரு போரின் தேய்மானத்துக்கு விலைபோனார்கள்.

இறந்தவர் எத்தனை பேர்? உக்ரைன் தரப்பில் 43,000 வீரர்கள் என்று ஜெலன்ஸ்கி 2024 டிசம்பரில் சொன்னார். ரஷ்யத் தரப்பில், பெயர் பெயராகத் தேடிச் சரிபார்த்த பட்டியலே 2025இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊர்ச் செய்தித்தாளின் இரங்கல் அறிவிப்பு, பள்ளிக்கூடத்தின் நினைவுப் பலகை, கல்லறைத் தோட்டத்தின் புதிய சிலுவை என்று தேடிச் சேர்த்த பெயர்கள். எவர் பார்வைக்கும் படாமல் வயலில் கிடப்பவர்கள் அதில் இல்லை.

வெர்டனில், துவோமோன் கோட்டைக்கு அருகே 1932இல் ஓர் எலும்பு மண்டபம் திறந்தார்கள். முன்னால் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கல்லறைகள். மண்டபத்தின் அடியில், யாருடையது என்று சொல்ல முடியாத 1,30,000 பேரின் எலும்புகள், பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து. வெளிச்சுவரில் தாழ்வாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் உண்டு. குனிந்து பார்த்தால் தொடை எலும்புகளும் மண்டை ஓடுகளும் குவிந்து கிடப்பது தெரியும். எந்த நாட்டுக்காரன் என்று அங்கே யாரும் பிரிக்க முடியவில்லை.

இப்போது பிரிக்க முடியும். 2025 ஜூனில், இஸ்தான்புல் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ரஷ்யா 6,000க்கும் மேற்பட்ட உடல்களை உக்ரைனிடம் ஒப்படைத்தது. வெள்ளைப் பைகளில், குளிர்பதன வண்டிகளில் வந்தன. பல பைகளில் முழு உடல் இல்லை. ஒரே ஆளின் பாகங்கள் இரண்டு மூன்று பைகளில் வந்திருந்தன. வந்தவர்களில் ரஷ்யச் சிப்பாய்களும் கலந்திருந்ததாக உக்ரைன் சொன்னது. ஒவ்வொரு பையிலிருந்தும் மரபணு மாதிரி எடுத்து, காணாமல் போனவர்களின் தாயோ தகப்பனோ பிள்ளையோ கொடுத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அது மாதக்கணக்கில் ஆகும் வேலை. அந்தத் தாய் ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் காத்திருக்கச் சொல்கிறார்கள்.